கோகிலவாணி பார்த்த படம்

கோகிலவாணிக்கு எதைப் பார்த்தாலும் முதலில் அதன் தையல் பிரிந்த இடம்தான் கண்ணில் படும். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மேஜையில் ஒரு பனியனைக் கொண்டுவந்து போட்டால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்து, "மாட்டுக்குப் போட்டுவிட்டா நல்லா இருக்கும்" என்று ஓரமாகத் தள்ளுவாள். தள்ளினால் தள்ளியதுதான். முதலாளியே வந்து கேட்டாலும் அந்தப் பீஸ் பெட்டிக்குள் போகாது.

ஓய்வுக்குப் பிறகு பனியன்கள் நின்றுவிட்டன. பார்வை நிற்கவில்லை. கல்யாண வீட்டு ரசம், எதிர்வீட்டு மதில்சுவரின் நிறம், ஊருக்குள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த ஓட்டுநர் இல்லாத பேருந்து, அண்ணன் கட்டிய வீடு, அண்ணி கட்டிய புடவை, ஒன்றும் தப்பவில்லை. எல்லாவற்றையும்விட அதிகமாக அவளிடம் அடிபட்டது 'வளையக்கோள்'.

அவள் பிறப்பதற்கு முன்பே கோடம்பாக்கத்தில் எடுத்த விண்வெளிப் படம் அது. வந்த காலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பல வருடம் கழித்து யாரோ தூசு தட்டி, ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட, ஊரே அதன்மேல் விழுந்தது. பள்ளிப் பாடத்தில் வந்தது. அதன் வசனத்தைச் சொல்லித்தான் அரசியல்வாதிகள் ஓட்டுக் கேட்டார்கள். தமிழ் பேசுகிறவர்களில் அதைப் பார்க்காதவரைத் தேடிப் பிடிப்பது கடினம் என்கிற நிலை வந்தது.

கோகிலவாணியின் கணவர் பூபதி அதை எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற, பேச்சு குறைந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் முன்னறைக்குப் போய்ப் படத்தைப் போட்டுக்கொள்வார். அவள் அந்த நேரத்தில் அங்கே கால் வைக்க மாட்டாள். அடுப்படியிலிருந்து ஒரு குரல் மட்டும் போகும்.

"அட்டைப் பொட்டியில ஏறி இன்னிக்கு எங்கீங்க போறாங்க?"

பூபதி சிரிப்பார். பதில் சொல்ல மாட்டார்.

அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது யாரோ அந்தப் படத்தைப் புகழ்ந்தார்கள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்கூட்டுக்காரர் அதையேதான் பார்க்கறாரு. நான் ஒரு நிமிசம் பார்த்ததில்லீங்க. பார்க்காமயே சொல்றேன், அது குப்பை. குப்பைன்னு தெரிஞ்சுக்கறதுக்குத் தொட்டியில எறங்கியா பார்க்கோணும்?" பக்கத்தில் இருந்த ஒரு பெண் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரமே வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெனிட்டா என்று பெயர் சொன்னாள். சென்னையில் 'முதல்காட்சி' என்ற கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"நிஜமாவே நீங்க வளையக்கோள் பார்த்தது இல்லையா மேடம்?"

"இல்லீங்க. அதுக்கு ஏதாச்சும் தண்டனை இருக்குதா?"

பெனிட்டா சிரித்துக்கொண்டே பையிலிருந்து தலையில் போடும் ஒரு மெல்லிய பட்டையை எடுத்து வைத்தாள். "நல்ல படத்தை முதல் தடவை பார்க்கிறப்போ ஒரு சிலிர்ப்பு வரும்ல மேடம். அப்புறம் எத்தனை தடவை பார்த்தாலும் அது திரும்ப வராது. அதுக்குத்தான் நாங்க. பார்க்காத ஒருத்தரை உட்கார வச்சு, எந்த இடத்துல அவங்களுக்கு என்ன உணர்ச்சி வருதுன்னு இந்தப் பட்டையில பதிவு பண்ணிக்குவோம். நூறு தடவை பார்த்த ஒரு ஆளு அந்தப் பதிவைப் போட்டுட்டுப் படம் பார்த்தா, அவருக்கும் அப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கும்."

"ஆருக்கோ வந்த பசியில இன்னொருத்தன் சோறு திங்கறான்."

"அப்படியும் வச்சுக்கலாம்."

"மனசுல நெனைக்கறது எல்லாம் தெரிஞ்சுருமா?"

"எண்ணமோ ஞாபகமோ வராது மேடம். உணர்ச்சி மட்டும்தான். சந்தோஷம், பயம், வியப்பு, அந்த மாதிரி. ஏன் வந்துச்சுன்னு பதிவுல இருக்காது."

"சின்னப் புள்ளைகளப் புடிச்சு உக்கார வச்சா ஆச்சு. அதுக்கு ஏன் எங்கிட்ட?"

"குழந்தைங்க தலையில இதைப் போடச் சட்டம் விடாது. பெரியவங்கள்ல பார்க்காதவங்க கிடைக்கிறதே இல்லை. உங்களை மாதிரி ஒருத்தரை ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கோம்."

பூபதி அதுவரை நாற்காலியில் பேசாமல் இருந்தவர். "வேண்டாம் வாணி" என்றார். "உனக்குப் புடிக்காது. விட்டுரு."

அவர் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. பெண்பார்க்க வந்த அன்றே தலையாட்டிய மனிதர். காவியத்துக்கு என்னால் களங்கம் வந்துவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளைச் சம்மதிக்க வைத்தது.

"வர்றேனுங்க" என்றாள் பெனிட்டாவிடம். "ஆனா சிலிர்க்கும்னு எதிர்பார்க்காதீங்க. எனக்குக் குளுருக்கே சிலிர்க்காது."

அவிநாசி சாலையில் ஒரு சிறிய அரங்கை அவளுக்காக மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பட்டையை மாட்டி, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பெனிட்டா பின்னால் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள். விளக்கு அணைந்தது.

முதலில் ஒரு ராக்கெட் கிளம்பியது. அடியிலிருந்து வந்த புகை, சாம்பிராணிப் புகையைவிட மெலிதாக இருந்தது. உள்ளே ஐந்து பேர். விண்வெளி உடை என்று அவர்கள் மாட்டியிருந்தது மழைக்கோட்டுத் துணி. கக்கத்தில் இரட்டைத் தையல்கூடப் போடாமல் விட்டிருந்தார்கள். கதாநாயகன் கையைத் தூக்கும்போதெல்லாம் கோகிலவாணிக்குக் கண் அங்கேதான் போனது. கப்பலின் சுவரில் வரிசையாகப் பதித்திருந்த பொத்தான்கள் சோடா மூடிகள். ஒன்றில் கம்பெனிப் பெயர்கூட அழியவில்லை. வளையக்கோள் வந்தது. அது சில்வர் தாம்பாளம், நடுவில் பதித்து வைத்த ரப்பர் பந்து. உலகமே அழுததாகச் சொன்ன இடத்தில், நாயகன் தன்னந்தனியாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் வெளிப்புறத்தைப் பழுது பார்த்தான். அரைமணி நேரம் ஒரு வசனம் கிடையாது, இசை கிடையாது. இவனுக்குப் பேசக் காசு கொடுக்க வழியில்லாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவள் உதட்டைச் சுழித்தாள்.

இதற்கா ஒரு ஊர் உருகியது. இதற்கா ஒரு மனிதர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டினார். படம் முடிகிறவரை அந்த ஏளனம் அவளுக்குள் குறையவே இல்லை. பொரி உருண்டைக்கு வெல்லம் காய்ச்சுகிறபோது இழை அறாத கம்பிப் பதம் வருமே, அப்படி நின்றது.

விளக்கு எரிந்தபோது பெனிட்டாவின் முகம் வெளுத்திருந்தது. "மேடம், ஒரு இடத்துலகூட உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சுங்க. எந்திரிச்சுப் போகோணும்னு தோணுச்சு."

பெனிட்டா அந்தப் பதிவை ஒதுக்கிவிடத்தான் நினைத்தாள். அவளுடைய மேலாளர் ஒருமுறை போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கைக்கு வெளியிடுவோம் என்றார். 'வாணி பதிவு' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள்.

வியப்புப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் போகும். வாணி பதிவு லட்சக்கணக்கில் போனது. வளையக்கோளைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ஜனங்கள் அவளுடைய பட்டையைப் போட்டுக்கொண்டு பார்த்து, சோடா மூடியைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். காவியம் இரண்டு மாதத்தில் கேலிக்கூத்தாகிவிட்டது. காய்கறிக் கடையில் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "அம்மா, உங்களாலதான் எனக்குக் கண்ணு தெறந்துச்சு" என்று கும்பிட்டான். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, "அப்ப இந்த முத்தலை எடுத்து ஓரமாப் போடு" என்றாள் அவள். வீட்டுக்கு வந்து பூபதியிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் மட்டும் அந்தப் பதிவை வாங்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். ரோசம் என்று எண்ணிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து பெனிட்டா மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு விஷயம் சொல்லணும் மேடம். நாங்க எதிர்பார்க்காதது. வியப்புப் பதிவு எந்தப் படத்துக்கு எடுத்ததோ அதுக்கு மட்டும்தான் ஒட்டும். அந்த இடத்துல அந்தக் காட்சி வந்தாத்தான் வேலை செய்யும். வேற எதுக்காவது போட்டா தலைவலிதான் மிஞ்சும். ஆனா உங்க பதிவு எதுக்குப் போட்டாலும் ஒட்டுது."

"எதுக்குன்னா?"

"எதுக்கு வேணும்னாலும். ஜவுளிக்கடைக்குப் போட்டுட்டுப் போறாங்க. பொண்ணு பார்க்கப் போறாங்க. கச்சேரிக்குப் போறாங்க. ஆபீஸ்ல ஆள் எடுக்கிறவங்க போட்டுக்கிறாங்க. ஏமாற மாட்டோம்னு ஒரு தைரியம் வருதாம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே அளவுல இருக்கிறதால, எங்க வேணும்னாலும் பொருந்திடுது."

"நல்லதுதானுங்க. கண்ட குப்பையெல்லாம் வாங்காம இருப்பாங்க."

பெனிட்டா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் என் பிறந்தநாளுக்கு மீன்குழம்பு வச்சார் மேடம். வாழ்க்கையில முதல் தடவையா அடுப்புப் பக்கம் போனார். நான் ஆபீஸ்ல இருந்து பட்டையைக் கழட்ட மறந்து அப்படியே வந்து உட்கார்ந்துட்டேன். ஒரு வாய்தான் சாப்பிட்டேன். நான் ஒண்ணும் சொல்லலை. என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவரே சட்டியை எடுத்துட்டுப் போய்க் கொட்டிட்டார்."

"குழம்பு நல்லா இருந்துச்சா?"

"தெரியலை மேடம். அதான் கஷ்டமா இருக்கு."

கோகிலவாணி அதற்கும் ஏதோ சொல்லி அனுப்பினாள். மீனுக்குப் புளி அதிகமாகியிருக்கும் என்றோ என்னவோ. ஆனால் அடுத்த நாள் மிருதுளா வந்தபோது அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மிருதுளா அவளுடைய அண்ணன் செந்தில்நாதனின் மகள். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல், ஒரு காக்கையைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்றைக் கையாலேயே வரைந்து வரைந்து உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். அதற்கே இரண்டு வருடம் போய்விட்டது. குடும்பத்தில் எல்லோரும் அவளைப் பைத்தியம் என்றார்கள். செந்தில்நாதன் மட்டும், "புள்ள ஏதோ பண்ணுது, பண்ணட்டும்" என்பார். எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ரகம் அவர். அந்தக் குணத்துக்காகவே தங்கையிடம் ஏகப்பட்ட திட்டு வாங்கியவர்.

வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"படம் முடிஞ்சுருச்சுங் அத்தை. மொதல்ல அப்பாவுக்குத்தான் போட்டுக் காட்டுனேன்."

"என்ன சொன்னான்?"

"அப்பா இப்பல்லாம் உங்க பட்டையைப் போட்டுட்டேதான் இருக்காருங். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. நான் கழட்டச் சொல்லல. மறந்துட்டேன்." அவள் குரல் தணிந்தது. "ஒண்ணுமே சொல்லலீங் அத்தை. பாதியில உதட்டைச் சுழிச்சாரு. அப்படியே நீங்க. எங்கப்பா மூஞ்சியில உங்க மூஞ்சி இருந்துச்சு."

"படம் எங்க? எடுத்துட்டு வா, நான் பார்க்கறேன்."

"அழிச்சுட்டனுங்."

"அழிச்சுட்டியா? வரைஞ்ச தாள்?"

"எரிச்சுட்டேன். அப்பா அப்புறம் பட்டையைக் கழட்டிட்டு ஓடி வந்தாரு, அழுதாரு. அதுக்குள்ள முடிஞ்சுருச்சு."

"நல்லா இருந்துச்சா அது?"

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். "அதுதான் அத்தை எனக்கும் இப்பத் தெரியல."

தள்ளிய பனியன்கள் எங்கே போகும் என்று கோகிலவாணிக்குத் தெரியும். காதர்பேட்டையில் கட்டுக் கட்டாக விற்பார்கள். யாரோ வாங்கி உடுத்திக்கொள்வார்கள். அவள் தள்ளியதால் யாரும் அம்மணமாக நின்றதில்லை. தாளை எரித்தால் அதற்கு எந்தப் பேட்டையும் கிடையாது.

அன்று மாலையே கோயம்புத்தூர்ப் பேருந்தைப் பிடித்து முதல்காட்சியின் கிளைக்குப் போனாள். பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னாள். பெனிட்டா முடியாது என்று தலையை ஆட்டினாள். "நாங்க நிறுத்தினாலும் நகல் எல்லா இடத்துக்கும் போயிருச்சு மேடம். இனிமே யாராலயும் முடியாது."

"அப்ப அதை அமுக்கற மாதிரி இன்னொண்ணை வெளியிடுங்க."

"வியப்பு ஒட்டாதுன்னு சொன்னேனே."

"ஆரோ சம்பளத்துக்கு உக்காந்து பட்ட வியப்பு எப்படிங்க ஒட்டும்?" கோகிலவாணியின் குரலில் பழைய மேலாளர் எட்டிப் பார்த்தாள். "என்ற ஏளனம் நெசம். அதனால ஒட்டுச்சு. அதே மாதிரி நெசமான ஒண்ணு எங்கூட்டுல இருக்குது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதே படத்தை ஆசையாப் பார்க்கற ஒரு மனுசன். அவரைப் பதிவு பண்ணுங்க."

"பல தடவை பார்த்தவங்க பதிவுல ஒண்ணும் இருக்காது மேடம். பழகிப் போயிருக்கும்."

"அவரு பார்க்கறப்ப மூஞ்சி எப்படி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

அவளுக்கும் தெரியாது. அடுப்படியிலிருந்து முன்னறையில் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஆனாலும் அடித்துச் சொன்னாள். பெனிட்டா ஒரு பட்டையைக் கொடுத்தனுப்பினாள்.

பூபதி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எதுக்கு இது? அதுல பெருசா ஒண்ணும் வராது வாணி."

"போட்டுக்குங்க. மிருதுளாவுக்காக."

"சரி" என்றார். எப்போதும் சொல்கிற சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் ஓடத் தொடங்கியது. கோகிலவாணி முதல்முறையாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாம்பிராணிப் புகையும் மழைக்கோட்டும் சோடா மூடியும் வரிசையாக வந்து போயின. அவள் வாயைத் திறக்கவில்லை. அதை ஒரு சாதனையாகவே நினைத்தாள். பூபதி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாயகன் பழுது பார்க்கக் கதவைத் திறந்துகொண்டு கப்பலுக்கு வெளியே போகிற நேரத்தில், எதிர்வீட்டுச் சுலோசனா வாசலில் நின்று கூப்பிட்டாள். தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி மாநகராட்சிக்கு எழுத வேண்டுமாம். பேச்சு நீண்டுவிட்டது. கோகிலவாணி திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாயகன் பூமியில் இறங்கியிருந்தான். மனைவி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். படம் முடிந்தது. பூபதி பட்டையைக் கழற்றி மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

மறுநாள் அவர் முடிவெட்டப் போயிருந்தபோது, கோகிலவாணி கதவைச் சாத்திக்கொண்டு பட்டையைப் போட்டாள். படத்தை ஓடவிட்டாள். ஒரு மனிதனின் ஆயுள்கால வியப்பு தன்மேல் வந்து இறங்கப்போகிறது என்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

வியப்பு வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஓர் இறுக்கம் வந்தது. பரீட்சைக் கூடத்தில் வாத்தியார் பின்னால் வந்து நிற்கும்போது வருமே, அந்த இறுக்கம். திட்டு விழப்போகிறது, எப்போது என்று தெரியவில்லை, அதற்குள் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. ராக்கெட் கிளம்பியபோதும் அதுதான். வளையக்கோள் தெரிந்தபோதும் அதுதான். பட்டை கெட்டுவிட்டது என்று கழற்றப் போனாள்.

அப்போது திடீரென்று அது விலகியது. காலைக் கடித்த செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதம் வைத்தது போல உடம்பெல்லாம் இளகியது. மூச்சு ஆழமாக இறங்கியது. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதியை அனுபவித்ததில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாரும் பார்க்கவில்லை. இருந்தால் போதும். கண்ணில் நீர் வருமளவுக்கு அது சுகமாக இருந்தது.

அடேயப்பா, இதுதானா என்று திரையை உற்றுப் பார்த்தாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. நாயகன் கப்பலின் கதவை அப்போதுதான் திறந்திருந்தான். மழைக்கோட்டின் கக்கம் கிழிந்து தெரிந்தது. இதில் என்ன இருக்கிறது என்று மறுபடி கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அதே கதவு, அதே இளக்கம். மூன்றாம் முறை ஓட்டியபோது அவளுக்குச் சுலோசனாவின் குரல் ஞாபகம் வந்தது.

அந்த இடத்தில்தான் அவள் எழுந்து போனாள்.

நிறுத்தத் தோன்றவில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடியது. அரைமணி நேரம் அந்த மௌனத்துக்குள் பூபதி எவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்பதை அவள் முழுவதுமாக அனுபவித்தாள். பிறகு நாயகன் பூமியில் இறங்கினான். மனைவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஊரே விம்மி அழுத காட்சி அது. அவள் கழுத்துக்குப் பின்னால் இறுக்கம் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தது.

பதிவில் எங்காவது கோளாறு இருக்குமா என்று அவள் தேடாமல் இல்லை. தொழிலே அதுதானே. ஒரு நூல்கூடப் பிசிறவில்லை.

வெறுப்பு இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். வெறுப்புக்கு எதிர்ப்பேச்சு உண்டு. அந்தப் பதிவில் வெறுப்பு துளியும் இல்லை. கோபமும் இல்லை. அவள் இல்லாதபோது ஒரு மனிதர் மூச்சு விட்டார், அவ்வளவுதான். அந்தப் படம் நல்லதா கெட்டதா என்று அவர் ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. இந்த வீட்டில் அவள் வராத ஒரே இடம் அது. வேண்டாம் வாணி, உனக்குப் பிடிக்காது, விட்டுரு என்று அவர் சொன்னதற்கு இப்போதுதான் பொருள் விளங்கியது.

பூபதி திரும்பி வந்தபோது அவள் பட்டையை மடித்து மேஜைமேல் வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பார்த்தியா?"

"பார்த்தேனுங்க."

"என்ன இருந்துச்சு?"

நாக்கு நுனிவரை ஏதேதோ வந்தது. முடி வெட்டிய தலையைப் பார்த்து, காதோரம் சரியாக எடுக்கவில்லை என்று சொல்லவும் வந்தது. "உங்களுக்கு அந்தப் படம் எதுக்குப் புடிக்குதுன்னு தெரிஞ்சுது" என்றாள். "நல்ல படந்தானுங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பெனிட்டாவிடம் பட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது பதிவை அழித்துவிட்டிருந்தாள். "ஒண்ணும் பதிவாகலீங்க" என்றாள்.

"நான்தான் சொன்னேனே மேடம். பழகிப் போயிருக்கும்."

"ஆமாங்க. பழகிப் போச்சு."

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். செந்தில்நாதனின் தலையிலிருந்து பட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். மிருதுளா தன் அறையில் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி வரும் வழியில் வாங்கிய ஒரு கட்டு வெள்ளைத்தாளை அவள் மடியில் வைத்தாள்.

"மறுக்கா வரை. எத்தனை வருசம் ஆனாலும் ஆகட்டும். முடிச்சதும் எனக்கு மட்டும் காட்டாத."

"ஏனுங் அத்தை?"

"எனக்குப் பார்க்கத் தெரியாது கண்ணு."

மிருதுளா தாளைத் தொடவில்லை. தள்ளியும் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் பூபதி கை கழுவிவிட்டு முன்னறை வாசலில் தயங்கி நின்றார். உள்ளே போகலாமா என்று யாரிடமோ கேட்கிற மாதிரி இருந்தது. கோகிலவாணி புடவையை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மாதானுங்க. காலார நடந்துட்டு வர்றேன். நீங்க படம் பாருங்க. முடிஞ்சப்புறந்தான் வருவேன்."

பூபதி எதற்கு என்று கேட்கவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார். "வெயிலா இருக்குது. புடிச்சுட்டுப் போ."

இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை. குடையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தெருமுனைப் பேருந்து நிழற்குடையில் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று வந்து, அவளுக்காகக் கதவைத் திறந்து காத்திருந்துவிட்டு, மூடிக்கொண்டு போயிற்று. காய்கறிப் பையோடு வந்த சுலோசனா அவளைக் கண்டு நின்றாள்.

"ஏனுங்க, இந்த வெயில்ல இங்க உக்காந்திருக்கீங்க?"

"எங்கூட்டுக்காரர் படம் பார்க்கறாருங்க."

"நீங்க கூட உக்காந்து பார்க்கலீங்களா?"

"நான் பார்த்துட்டேனுங்க" என்றாள் கோகிலவாணி.